முழங்காலும் ஒரு லுமாலா சைக்கிளும்

எங்கள் பகுதியில் ஒருவருக்கு முழங்கால் நோவு என்று தெரிந்துவிட்டால், பழி முதலில் விழுவது அவரது சைக்கிளின் தலையில்தான். அவர் இருபது வருடமாகக் கடை வாசலில் குந்தியிருந்து வெற்றிலை மென்றவராக இருக்கலாம். சீனி போட்ட தேநீர் நாளைக்கு எட்டுக் கோப்பை குடிப்பவராக இருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது. வீட்டு மதிலில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தால் போதும், வழக்கு முடிந்தது.

எனக்கும் அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது. அப்போது வயது 44. மனைவி, மச்சான், பாடசாலை அதிபர், பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்று ஒரு முழு நீதிமன்றமே கூடியது. "இனியும் உழக்கினா காலு என்னத்துக்காகும்? ஒரு ஸ்கூட்டிய எடுங்க" என்றார் மச்சான். லீசிங் விபரமும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

சாய்ந்தமருதிலுள்ள எனது வீட்டிலிருந்து பாடசாலைக்கு 9 கிலோமீற்றர். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, மாவடிப்பள்ளியைக் கடந்து, சம்மாந்துறைப் பக்கமாக வயல்களுக்கு நடுவே போகிற பாதை. மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறைப்பும் இல்லை. சைக்கிள் ஒரு லுமாலா, 2001 இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது வாங்கியது. 2002, 2003 ஆம் ஆண்டுகளில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் வார விடுமுறைக்கு அதில்தான் ஊர் வருவேன். யுத்தநிறுத்த காலம் அது. இரவு ஏழு மணிக்கும் பயமில்லாமல் பாதையில் சைக்கிள் ஓடலாம் என்பதே எங்களுக்குப் புதிய அனுபவமாக இருந்தது. நிந்தவூர் தாண்டும்வரை மூன்று நான்கு பேர் ஒன்றாக வருவோம். கவிதையும் கதையும் அரசியலும் எல்லாம் ஹாண்டிலுக்கு மேலாலேதான் பேசப்பட்டன. முழங்கால் என்று ஓர் உறுப்பு இருப்பதே அந்நாளில் நினைவில் இல்லை.

அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது 2021 இன் கடைசியில். கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து, ஒக்ரோபரில் மெல்லத் திறந்தன. மறுபடி உழக்கத் தொடங்கிய மூன்றாவது கிழமை, வலது முழங்கால் சிரட்டையைச் சுற்றி ஒரு மந்தமான நோவு. படி ஏறும்போது, அதைவிடப் படி இறங்கும்போது. நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் கதிரையில் இருந்து ஒப்பம் போட்டுவிட்டு எழும்பும்போது. எல்லாவற்றையும் விட, அத்தஹிய்யாத்து இருப்பிலிருந்து எழும்பும்போது. கையை நிலத்தில் ஊன்றித்தான் எழ வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே எடுத்தேன். "கொஞ்சம் தேய்வு இருக்கு, வயசு போகப் போக வாறதுதான்" என்று தனியார் மருந்தகத்து வைத்தியர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லி, நோவுக் குளிசை எழுதித்தந்து, சைக்கிளை விடச் சொன்னார். நீதிமன்றத்துக்கு நிபுணர் சாட்சியமும் கிடைத்துவிட்டது.

நான் சைக்கிளை விடப் பயந்ததற்குக் காரணம் பெற்றோல் விலையல்ல. வாப்பாதான்.

வாப்பா புடவை வியாபாரி. றலி சைக்கிளின் கரியரில் புடவைப் பொட்டணத்தைக் கட்டிக்கொண்டு உள்ளூர்க் கிராமங்களுக்கெல்லாம் போவார். அறுவடை முடிந்த காலங்களில் விடிய வெளிக்கிட்டால் அஸருக்குத்தான் வீடு. அவருக்கு 58 வயதில் முழங்கால் நோவு வந்தது. இதே தீர்ப்பு, இதே நீதிமன்றம், அதில் அன்று மகனாகிய நானும் ஓர் உறுப்பினன். எல்லோரும் அன்பினால்தான் சொன்னோம். வாப்பா சைக்கிளைக் குசினிக்குப் பின்னால் இருந்த பத்தியில் தூக்கி வைத்துவிட்டு, முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். கால் ஓய்வெடுத்தது. ஆறு மாதத்தில் சந்தைக்கு நடப்பது நின்றது. பிறகு பள்ளிவாசலின் மூன்று படிகள் பெரிதாகிப் போயின. பிறகு பள்ளியில் கதிரை, பிறகு வீட்டிலேயே தொழுகை. தொடைகள் இரண்டும் சூம்பி, சாரத்துக்குள் இரண்டு தடிகள் போலத் தெரிந்தன. 2011 இல் மௌத்தாகும்போது நோவு மட்டும் அப்படியே இருந்தது. ஓய்வு அதைக் குணப்படுத்தவில்லை.

இது எனக்கு ஒரு கேள்வியாகவே உள்ளே கிடந்தது. ஓய்வு நல்லதென்றால் வாப்பாவின் கால் ஏன் தேறவில்லை?

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன். கரும்பலகையில் எத்தனையோ தடவை மூட்டை வரைந்திருக்கிறேன். தொடை என்பு, கணைக்கால் என்பு, அவற்றின் நுனியில் வழுவழுப்பான கசியிழையம், இடையில் மூட்டுத் திரவம். கசியிழையத்துக்குக் குருதிக் கலன்கள் இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும் இந்தச் செய்தியின் கனம் சொந்தக் கால் நோகும்போதுதான் விளங்குகிறது. குருதி வராத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? அந்தத் திரவத்திலிருந்துதான். மூட்டு அசைந்து, கசியிழையம் அமுங்கி விரியும்போதுதான் அது பஞ்சு போல அந்தத் திரவத்தை உறிஞ்சுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

இன்னொரு தகவல் என்னை உண்மையிலேயே நிமிர்ந்து இருக்கச் செய்தது. முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைக்கப்பட்ட சிலரின் மூட்டுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி, எந்த வேலையில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் நிறையின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. மிதமாகச் சைக்கிள் உழக்கும்போது? ஏறக்குறைய ஒரு மடங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூட. நிறையைத்தான் சீற் தாங்குகிறதே! நடப்பதைவிடச் சைக்கிள் முழங்காலுக்கு இலகுவானது என்றால் என் கால் ஏன் நோகிறது?

அதற்கு விடை சொன்னவர் அரசாங்க வைத்தியசாலையொன்றின் இயன்மருத்துவப் பிரிவில் இருந்த ஓர் இளம் பெண். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் வைத்தார். நோகும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னார். பிறகு வேறு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"சேர், பெடல் கீழ போற நேரம் ஒங்கட கால் நீளுதா, மடிஞ்சபடியே இருக்கா?"

மடிந்தபடியேதான் இருந்தது. எங்கள் ஊரில் எல்லோருடைய காலும் அப்படித்தான். சைக்கிள் கடையில் சீற்றை வைக்கும் அளவு ஒன்றேயொன்று: இருந்தபடி இரண்டு பாதமும் நிலத்தில் முட்ட வேண்டும். அது நிற்பதற்கான அளவு, ஓடுவதற்கான அளவல்ல. இந்த வழக்கம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சந்திக்குச் சந்தி ஸலாம் சொல்லி நின்று பேசுகிற ஊர் என்பது ஒரு காரணம். மற்றது சோதனைச் சாவடிகள் என்பது என் எண்ணம். முப்பது வருட யுத்தத்தில் நாங்கள் சைக்கிள் ஓடியதைவிட இறங்கி உருட்டியது அதிகம். தூரத்தில் மண்மூட்டையைக் கண்டதும் காலை ஊன்றத் தயாராக இருந்த ஒரு தலைமுறைக்குத் தாழ்ந்த சீற் பாதுகாப்பாக இருந்திருக்கும். யுத்தம் 2009 இல் முடிந்தது. சீற் மட்டும் இறங்கிய இடத்திலேயே இருக்கிறது.

சீற் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடிந்த நிலையிலேயே பாரத்தைத் தள்ளுகிறது. மடிவு கூடக் கூடச் சிரட்டை தொடை என்போடு இறுகி அழுந்துகிறது. 9 கிலோமீற்றரில் அது ஆயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட தடவை நடக்கிறது. சிரட்டைக்கு முன்னால் நோவதன் பொருள் பெரும்பாலும் இதுதான். முழங்காலின் பின்புறம், மடிப்பில் நொந்தால் அநேகமாக எதிர்க் காரணம்: சீற் மிதமிஞ்சி உயர்ந்துவிட்டது.

அந்தப் பிள்ளை சொல்லித்தந்த அளவுக்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருந்து, பெடலை ஆகக் கீழே கொண்டுபோய், அதன் மேல் குதிக்காலை வைக்க வேண்டும். அப்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு வழமைபோல முன்பாதத்தால் மிதித்தால், ஆகக் கீழே வரும்போது முழங்காலில் ஒரு சிறு மடிவு மிஞ்சும். அதுதான் அளவு. மிதிக்கும்போது இடுப்பு இரு பக்கமும் ஆடினால் கூடிவிட்டது என்று பொருள். ஒரேயடியாக உயர்த்தக்கூடாது, கிழமைக்கு அரை அங்குலம் போதும் என்றார். சீற் தண்டில் குறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது என்றும் எச்சரித்தார்.

கேட்க இலகுவாக இருந்தது. ஆனால் இருபது வருடக் கடற்காற்றில் சீற் தண்டு சட்டகத்தோடு துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருந்தது. எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்தும் காக்கா இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மூன்றாம் நாள் சுத்தியலால் தட்டிக் கழற்றினார். "சீற்ற உயத்தினா விழுவீங்க சேர்" என்று நாலு தடவை சொன்னார். கூலியாக எதுவும் வாங்கவில்லை. விழப்போகிறவனிடம் காசு வாங்க மனம் வரவில்லைபோலும்.

நான் விழவில்லை. சந்தியில் நிற்கும்போது சீற்றிலிருந்து முன்னால் இறங்கி, பாரின் இரு பக்கமும் காலூன்றப் பழகினேன். சாரத்தோடு அது சரிவராது. காற்சட்டையோடு பாதகமில்லை. இரண்டங்குலம் உயர ஒரு மாதம் எடுத்தது. அந்த மாதத்துக்குள்ளேயே படி இறங்கும் நோவு பாதியாகிவிட்டது.

மிச்சப் பாதிக்குக் காரணம் கச்சான் காற்று. மே மாதத்தில் தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வீசுகிற இந்த வரண்ட காற்றைக் கிழக்கில் வாழ்கிறவருக்கு விளக்கத் தேவையில்லை. நான் காலையில் போவதோ மேற்கே. மாவடிப்பள்ளி வெளியில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். கியர் இல்லாத சைக்கிளில் எதிர்க்காற்றுக்கு ஒரே பதில் பலமாக மிதிப்பது. அந்தப் பலம் முழுவதும் சிரட்டைக்கு ஊடாகத்தான் போகிறது.

இங்கே கணிதம் உதவியது. எனது சைக்கிளுக்கு முன் பல்லுச்சில்லில் 44 பல்லு, பின் பிரீவீலில் 18. ஒரு முழுச் சுற்று மிதித்தால் சைக்கிள் ஏறக்குறைய 5.4 மீற்றர் போகும். பின்னால் 22 பல்லுப் போட்டால் 4.4 மீற்றர்தான். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போக, முன்பு நிமிடத்துக்கு 46 சுற்று மிதித்த நான் இனி 57 சுற்று மிதிக்க வேண்டும். செய்யும் வேலை ஒன்றுதான். ஆனால் அது அதிகமான, இலகுவான மிதிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு மூட்டை நெல்லை ஒரேயடியாகத் தூக்காமல் மரைக்கால் மரைக்காலாக அள்ளுவது போல. காக்கா பிரீவீலை மாற்றி, செயினில் இரண்டு கண்ணி கூட்டினார். போகிற போக்கில் வலது பெடலின் அச்சு வளைந்திருப்பதையும் கண்டுபிடித்தார். பெடல் வளைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கணுக்கால் திருகும், அந்தத் திருகல் முழங்காலில் போய் நிற்கும். அதை மாற்றச் செலவான காசு அந்த நோவுக் குளிசைகளின் விலையைவிடக் குறைவு.

குளிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனடோல் வேறு, டைக்குளோபினாக் போன்றவை வேறு. பின்னையவற்றை மிட்டாய் போலப் பாமஸியில் வாங்கி, வெறும் வயிற்றில் போட்டு, நோன்பும் நோற்கிற பலரை நான் அறிவேன். அவை வயிற்றைப் புண்ணாக்கும், அமுக்கத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் தாக்கும். வைத்தியர் சொன்ன நாளளவுக்கு மேல் அவற்றைத் தொடாதிருப்பது நல்லது. எண்ணெய், தைலம் எல்லாம் நானும் பூசினேன். சுகமாகத்தான் இருந்தது. உம்மா தேய்த்துவிட்டது காரணமாக இருக்கலாம்.

உண்மையான மருந்து தொடையில் இருந்தது. சிரட்டையை அதன் தடத்தில் பிடித்து வைத்திருப்பது தொடையின் முன்தசை. பாடசாலை மூடிக்கிடந்த மாதங்களில் எனக்கு மெலிந்ததும் அதுதான், வாப்பாவுக்குச் சூம்பியதும் அதுதான். சுபஹுக்குப் பிறகு பாயில் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து, மற்றக் காலை விறைப்பாக நீட்டி ஓர் அடி உயர்த்தி ஐந்து செக்கன் பிடிப்பது. பத்துத் தடவை, மூன்று சுற்று. பிறகு கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. முதல் மூன்று கிழமை ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் மாதத்தில்தான் கால் என் சொல்லைக் கேட்கத் தொடங்கியது. தேநீரின் சீனியையும் இராச் சோற்றையும் குறைத்ததில் 6 கிலோ இறங்கியது. நிறையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலுக்கு நாலு கிலோப் பாரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பெருக்கல் கணக்காகக் கொடுத்தேன்.

இதற்கிடையில் 2022 வந்தது. பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எனக்கு ஸ்கூட்டி விற்க வந்த மச்சான் உட்பட ஊரே பத்திகளிலிருந்து சைக்கிளை இறக்கியது. எங்கள் பாடசாலையில் ஏழு ஆசிரியர்கள் திடீரெனச் சைக்கிளோடிகளானார்கள். இரண்டாவது கிழமையே ஆசிரியர் ஓய்வறையில் ஆளாளுக்கு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடம் உழக்காத கால், தாழ்ந்த சீற், முதல் நாளே பத்துக் கிலோமீற்றர், அதுவும் கச்சான் காலத்தில். வேறென்ன நடக்கும்! அதிபரின் சீற்றை நானே உயர்த்தினேன். அவருக்குத் தீர்ப்பு வழங்க நான் முயலவில்லை. 2023 இல் கியூஆர் முறை நின்றதும் ஆறு பேர் மறுபடி மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் என்னோடு வருகிறார்.

இப்போது எனக்கு 47. நோவு இல்லையென்று சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயில் குறைந்த இடைவெளி திரும்பி வரப்போவதுமில்லை. ஓடும்போது சிறு நோவு வந்து மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை, மறுநாளும் நின்றால் தூரத்தைக் குறை என்பது அந்தப் பிள்ளை தந்த அளவுகோல். முழங்கால் வீங்கினால், இடையில் இறுகிப் பூட்டிக்கொண்டால், நடக்கையில் நழுவினால், காய்ச்சலோடு சூடாகிச் சிவந்தால் இந்தக் கட்டுரையை வைத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். மாரியில் வெள்ளம் பாயும் நாட்களில் பஸ்ஸில் போகிறேன்.

தொழுகையில் இப்போது முழங்காலின் கீழே விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்கிறேன். சுஜூதுக்குப் போகையில் முதலில் வைப்பது கையா முழங்காலா என்று எங்கள் ஊரில் எத்தனை பின்னேரங்கள் விவாதத்தில் கழிந்திருக்கின்றன! என் முழங்கால் தன் கட்சியை அறிவித்துவிட்டது: கை. பள்ளிவாசலின் பின்வரிசையில் கதிரைகள் வருடா வருடம் கூடுகின்றன. இயலாதவர் இருந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் எனக்கு வெட்கம் எதுவுமில்லை. ஒரு நாள் எனக்கும் அது வேண்டி வரலாம். அந்த நாளைத் தள்ளிவைக்கிற வேலையைத்தான் தினமும் 18 கிலோமீற்றர் செய்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் காக்காவிடம் இந்தச் சீற் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு 60 தாண்டிவிட்டது. கரியரில் பெட்டி, ஐஸோடு நாற்பது கிலோவுக்குக் குறையாது. அவரும் சிரட்டையைத்தான் விரலால் காட்டினார். சீற்றை உயர்த்தலாம் என்று நான் ஸ்பனரோடு போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்டுக்கு வூடு நிண்டு மீன் நிறுக்கிறவன் நான். கால் நிலத்தில முட்டாட்டி பெட்டியோட சரிஞ்சி போயிருவேன். சீற்றத் தொடாதீங்க சேர். அந்தப் பல்ல மட்டும் மாத்திப் பாப்பம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். சீற்றை அப்படியே விட்டோம். பின்னால் 22 பல்லுப் போட்டுக் கொடுத்தார் சைக்கிள் திருத்தும் காக்கா. இந்த முறை கூலி வாங்கினார்.